பின்னாடி ‘டொக்கு டொக்கு’: போர்ஷே 911 கார்ல எந்தச் சத்தத்துக்கு எந்த லிங்க்க கழட்டணும்

மொதல்ல வண்டிய காலி பண்ணுங்க. சிரிக்காதீங்க, அனுபவத்துல சொல்றேன். மன்னார்குடி பக்கம் ரைஸ் மில் வச்சிருக்கற ஒருத்தரோட 997, அதாவது 911ல ஒரு தலைமுறை, கரேரா எஸ் மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. “தம்பி, பின்னாடி டங்கு டங்குன்னு அடிக்குது, சஸ்பென்ஷன் மொத்தமா போயிடுச்சு போல, எல்லாத்தையும் மாத்திடு”ன்னு விட்டுட்டுப் போனாரு. நானும் ரெண்டு மணி நேரம் அடியில படுத்து ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கறேன், ஒண்ணுமே அசையல. கடைசில பின் சீட்டுக்குக் கீழ பழைய பேப்பர்ல சுத்தி ஒரு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தண்டு தனி தட்டு தனியா மரை கழட்டி வச்சது, கல்யாண வீட்டுக்குக் குடுக்க வாங்கி மறந்தே போயிட்டாங்க. அதுதான் டங்கு டங்கு. அதனால முன் டிக்கி, பின் சீட், ஜாக்கி வச்சிருக்கற எடம், எல்லாத்தையும் காலி பண்ணிட்டு அப்பறம் அடியில படுங்க.

அதே வண்டி எட்டு மாசம் கழிச்சு நிஜமாவே சத்தத்தோட வந்துச்சு. அதுல நான் பட்ட பாடு, பண்ண தப்பு எல்லாத்தையும் சேத்துத்தான் எழுதறேன்.

997ல பின்னாடி ஒரு பக்கத்துக்கு, சக்கரத்த பாடியோட சேத்துப் புடிக்கற கை அஞ்சு, இததான் லிங்க்குன்னு சொல்றது. மேல ரெண்டு குட்டிக் கை, நாய் கடிச்சுப் போட்ட எலும்பு மாதிரியே இருக்கும், அதனால டாக்போன்னுதான் எல்லாரும் சொல்றது. கீழ ஒரு தடிச்ச அலுமினிய ஆர்ம், மூடி போட்ட சவப்பெட்டி ஷேப்புல இருக்கும். அதுலேர்ந்து சாய்வா முன்பக்கம் போற கை ஒண்ணு. அப்பறம் டோ லிங்க், சக்கரம் எந்தப் பக்கம் பாக்கணும்னு முடிவு பண்றது இதுதான். இந்த அஞ்சுக்கும் ஒரு முனைல ரப்பர் புஷ், இல்லன்னா கிண்ணத்துக்குள்ள குண்டு சுழல்ற பால் ஜாயிண்ட், சிலதுல ரெண்டும். தேயறது இந்த ரப்பரும் ஜாயிண்டும்தான், இரும்பும் அலுமினியமும் அப்படியே கெடக்கும், ஆனா பல லிங்க்குக்கு புஷ் மட்டும் தனியா கெடைக்காது, முழுசா வாங்கித்தான் ஆகணும்.

நம்ம ஊர்ல ஏன் சீக்கிரம் போகுதுன்னா, ரோட்ட பாத்தா தெரியும். நடவு சமயத்துல கேஜ் வீலோட டிராக்டர் தார் ரோட்டுல ஏறி எறங்கி வரிவரியா கீறி வச்சிருப்பான். தை மாசம் அறுப்புன்னா பாதி ரோட்டுல நெல்லு காயும், அதுக்கு வேலி மாதிரி ரெண்டு பக்கமும் கருங்கல்லு, வைக்கோலுக்கு அடியில பள்ளம் இருந்தாலும் தெரியாது. பெயிண்டே அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஊருக்கு நாலு. 30 சீரிஸ் டயர்ல (ஓரத்து ஒயரம் அகலத்துல முப்பது சதவீதம்தான்) ரப்பரே நாலஞ்சு வெரக்கடைதான், அடி வாங்கறது பூரா புஷ்ஷுதான். இந்த மில் வண்டிக்கு இன்னொரு கொடுமை, உமி. பால் ஜாயிண்ட்ட மூடியிருக்கற ரப்பர் உறைல லேசா ஒரு கிழிசல் விழுந்தா போதும், காத்துல பறக்கற உமித்தூசி கிரீஸ்ல போய் ஒட்டிக்கும், உமில சிலிக்கா இருக்கு, அது உள்ள உக்காந்துகிட்டு உப்புத்தாள் வேலை பாக்கும். பழைய ஜாயிண்ட்ட பிச்சுப் பாத்தப்ப கிரீஸ் கறுப்பா இல்ல, வண்டி மைல தவிடு கலந்த மாதிரி ஒரு பழுப்பு, வெரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சா நறநறங்குது.

ஓட்டிப் பாக்கற ரூட்

நான் எப்பவும் போறது தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம் வரிசையா வரும். ஒவ்வொரு பாலத்துலயும் ஏறற எடம், நடு ஜாயிண்ட், எறங்கற எடம்னு சின்னச் சின்னதா தட்டும், அது ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே நேரத்துல விழற அடி. ஊருக்குள்ள குண்டும் குழியும் ஒத்தைச் சக்கரத்துக்கு விழற அடி. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஏசி, பாட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி கண்ணாடிய எறக்கிட்டு, பின் சீட்டுல ஒரு பொடியன உக்கார வச்சு காது குடுக்கச் சொல்லுங்க. பெரியாளு அந்த சீட்டுல உக்கார முடியாது.

ஒத்தைக் குழில ‘கடகட’, பாலத்துல சத்தமே இல்ல

ஸ்டெபிலைசர் லிங்க்கா இருக்க வாய்ப்பு அதிகம், இடது வலது சக்கரத்த இணைக்கற ஸ்டெபிலைசர் பார்ங்கற கம்பியோட நுனில மாட்டியிருக்கறது. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி எறங்கறப்ப அந்த பாருக்கு வேலை இல்ல, ஒரு பக்கம் மட்டும் ஏறறப்பதான் முறுக்கும். ரெண்டு பக்க லிங்க்கயும் கழட்டி ஓரமா கட்டி வச்சிட்டு தெருவுக்குள்ள மெதுவா ஒரு ரவுண்டு போங்க, சத்தம் நின்னுட்டா அதேதான். இருக்கறதுலயே சின்ன வேலை இது. அந்த லிங்க் இல்லாம பைபாஸ்ல வேகம் மட்டும் காட்டிடாதீங்க.

பாலத்துல ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் ஒரே ஒரு ‘டொக்’

இது பெரும்பாலும் மேல இருக்கற டாக்போன், இல்லன்னா கீழ் ஆர்மோட பால் ஜாயிண்ட், அரிதா ஷாக் மேல் மவுண்ட். சக்கரத்த தொங்க விட்டு கையால ஆட்டிப் பாத்து “நல்லாத்தான இருக்கு”ன்னு சொல்றவங்கதான் இங்க ஏமாறுறது. தொங்கறப்ப ஸ்பிரிங் கீழ தள்ளிகிட்டு இருக்கும், ஜாயிண்ட் ஒரு பக்கமா ஒதுங்கி இறுகி நிக்கும், ஆட்டமே தெரியாது. வண்டிய ஸ்டாண்டுல நிறுத்திட்டு, சக்கரம் மாட்டற அந்த கேரியருக்கு அடியில இன்னொரு ஜாக்கி குடுத்து தரைல நிக்கற ஒயரத்துக்குத் தூக்கி, அப்பறம் சின்னக் கடப்பாரை ஒண்ண லிங்க்குக்கும் பிரேமுக்கும் நடுவுல விட்டு லேசா நெம்புங்க, லேசா போதும், அலுமினியம் அது. நெம்பறப்ப இன்னொரு கை வெரல ஜாயிண்ட் மேல வச்சுக்கணும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் வெரலுக்குத் தெரியும், பல்லு ஆடற மாதிரி சின்னதா ஒரு ‘க்ளிக்’ வரும். அந்த மில் வண்டில வலது பக்கம் மேல முன் டாக்போன்ல அந்த க்ளிக் கெடச்சுது. இடது பக்கத்தயும் அதே மாதிரி நெம்பிப் பாத்து கம்பேர் பண்ணுங்க, ரப்பர் கொஞ்சம் குடுக்கத்தான் செய்யும், எது நார்மல்னு அப்பதான் புடிபடும்.

கியர் மாத்தறப்ப, ஆக்சிலேட்டர்ல கால எடுத்துப் போடறப்ப ‘டொம்’

லிங்க் மேல பழி போடாதீங்க. இந்த வண்டிக்கு இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னாடி தொங்குது, அத தாங்கற ரெண்டு மவுண்ட்டுக்குள்ளயும் திரவம் இருக்கும், வயசானா கசிஞ்சு தளந்துடும். பின்னாடி நின்னு பாருங்க, ரெண்டு பக்க சைலன்சர் குழாவும் பம்பர்ல வெட்டி விட்ட எடத்துக்கு நடுவுல இல்லாம கீழ எறங்கி ஒக்காந்திருந்தா மவுண்ட்தான். நான் ஒரு தடவை இத டோ லிங்க்குன்னு நெனச்சு மாத்திட்டு, புது லிங்க்கோட அதே டொம்ம கேட்டுகிட்டு வல்லம் வரைக்கும் போயிட்டு வந்தேன்.

வால் ஆட்டுது

எனக்குப் பயமே இதுலதான். நேர் ரோட்டுல 80, 90ல போறப்ப ஒரு சின்ன மேடு ஏறி எறங்குனா பின்பக்கம் அரை அடி தள்ளி உக்கார்ற மாதிரி ஒரு உணர்வு, ஸ்டியரிங்க நீங்க அசைக்கவே இல்ல, யாரோ பின்னாடி புடிச்சு திருப்புற மாதிரி. வளைவுல பாதில கால எடுத்தா இன்னும் மோசம், வால் வெளில போகப் பாக்கும். 911ல எடையில அறுபது சதவீதத்துக்கு மேல பின் சக்கரத்து மேலதான். பின் சக்கரம் ரெண்டும் லேசா உள்ளார பாத்து நிக்கணும்னு அளவு வச்சிருக்கான், அதுதான் வண்டிய நேரா புடிச்சு வைக்குது. டோ லிங்க் புஷ் கிழிஞ்சு போச்சுன்னா பிரேக் புடிக்கறப்பவும் கால எடுக்கறப்பவும் சக்கரம் தன்னிஷ்டத்துக்கு வெளில திரும்பிக்கும், அவ்வளவு எடையும் பின்னாடி இருக்கறதால ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம். ரெண்டு பக்கமும் வாய்க்கால் ஓடற ரோட்டுல இந்த விளையாட்டு வேணாம்.

செக் பண்றது சுலபம், சக்கரத்த கடிகாரத்துல மூணும் ஒன்பதும் இருக்கற எடத்துல ரெண்டு கையால புடிச்சு உள்ள வெளில தள்ளுங்க, ஒரு ஆள் அடியில டோ லிங்க்க பாத்துகிட்டே இருக்கணும். பன்னெண்டு ஆறுல ஆட்டம் வந்தா கீழ் பால் ஜாயிண்ட் இல்ல பேரிங். எந்தப் பக்கம் புடிச்சாலும் ஆடுது, ஓடறப்ப ‘ஊஊ’ன்னு வேகத்தோட சத்தமும் ஏறுது, வளைவுல சத்தம் மாறுதுன்னா பேரிங்தான், அது வேற வேலை.

இன்னொரு சாட்சி டயர். பின் டயரோட உள் ஓரத்த, குனிஞ்சு கைய உள்ள விட்டு தடவிப் பாருங்க. வெளி ஓரம் புதுசா இருக்கும், உள்ள கம்பி தெரியும். ஒரு பக்கமா தடவுனா வழவழ, எதிர்ப் பக்கம் தடவுனா ரம்பப் பல்லு மாதிரி தட்டுச்சுன்னா டோ கெட்டுப் போச்சு. 295 டயர் ஒண்ணு என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும், லிங்க் அதவிட மலிவு.

மெதுவா ஏறி எறங்கறப்ப ‘கிறீச்’, அதுவும் லிங்க் மாத்துன பின்னாடி

இது நான் பண்ண தப்பு. மேல சொன்ன டாக்போன மாத்துனேன்ல, சக்கரம் தொங்கிகிட்டு இருக்கறப்பவே எல்லா போல்ட்டயும் முழு டைட் குடுத்துட்டேன். ரப்பர் புஷ்ஷுங்கறது உள்ள ஒரு இரும்புக் குழா, வெளில ஒரு வளையம், நடுவுல ரப்பர் ரெண்டுலயும் ஒட்டிகிட்டு இருக்கு, சுத்தாது, முறுக்கத்தான் செய்யும். தொங்கற நிலைல டைட் பண்ணா அதுதான் அதோட நடுநிலை ஆயிடும், வண்டிய கீழ எறக்கின அந்த செகண்டே ரப்பர் முறுக்குல நிக்கும், நின்னா முறுக்கு, ஓடுனா அதுக்கு மேல முறுக்கு. நாலு மாசத்துல ரப்பர் வாய் பொளந்துடுச்சு. முதலாளி ஒண்ணும் கத்தல, “புதுசு பழசவிட மோசமா இருக்கேப்பா”ன்னு மட்டும்தான் சொன்னாரு, அதுக்கு அவரு கத்தியே இருக்கலாம். ரெண்டாவது செட்டு என் காசுல வாங்கிப் போட்டேன்.

இப்ப கழட்டறது

மொதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டுக்கும் துரு எளக்கற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டின்னா ரெண்டு நாளு. அந்த உப்புக் காத்துல போல்ட் புஷ்ஷோட உள் குழால அப்படியே பிரேஸ் வச்ச மாதிரி புடிச்சுக்கும், போல்ட்ட சுத்துனா ரப்பரும் சேந்து முறுக்கிட்டு திரும்பி வரும். அப்படின்னா அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ஆக்சா பிளேட் விட்டு போல்ட்டயே அறுத்துடணும், எப்படியும் லிங்க் புதுசு, போல்ட்டும் நட்டும் புதுசா ஆர்டர்லயே சேத்து வாங்கி வச்சுக்கோங்க. கேஸ் வச்சு பழுக்கக் காய்ச்சறது வேணாம், பக்கத்துல இருக்கறது அலுமினியம்.

தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு, மறந்தா அழுகைதான். ஒண்ணு, சமதளத்துல வண்டி நிக்கறப்ப சக்கரத்து நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து, நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா சுவத்துலயே சாக்பீஸால எழுதி வைங்க. ரெண்டு, கேம்பரும் (சக்கரம் மேல கீழ சாயற கோணம்) டோவும் (உள்ள வெளில பாக்கற கோணம்) உள்பக்கம் இருக்கற, மையம் தள்ளுன எக்சென்ட்ரிக் போல்ட்லதான் செட் பண்றது, அந்த போல்ட் தலை எந்தக் கோணத்துல நிக்குதுன்னு உளியால ஒரு கீறல், இல்ல வெள்ளை பெயிண்ட்டால ஒரு கோடு, கூடவே போன்ல போட்டோ.

தரையும் முக்கியம். நம்ம களிமண்ணு வெயில்ல வெடிச்சிருக்கும், மழைல உள்வாங்கும், ஜாக்கி அப்படியே சாய்ஞ்சுடும். சிமெண்ட் தரை இல்லன்னா தடிப் பலகை போட்டு மேல ஜாக்கி வைங்க. செங்கல்ல அடுக்கி அது மேல வண்டிய நிறுத்தி அடியில படுக்கறவங்கள நானே பாத்திருக்கேன், செங்கல்லு சொல்லிட்டு ஒடையாது. ஸ்டாண்ட் ரெண்டும் சரியா ஒக்காந்துச்சான்னு வண்டிய தள்ளி ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போகணும்.

பால் ஜாயிண்ட்ட கழட்ட புல்லர் போடுங்க. சம்மட்டியால கேரியர தட்டி எடுக்கறது அம்பாசடர் காலத்து வித்தை, இங்க கேரியரே அலுமினியம். நட்டு கூடவே ஸ்டட்டும் சுத்துச்சுன்னா நுனில ஆலன் கீ போடற ஓட்டை இருக்கும், அத புடிச்சுகிட்டு ரிங் ஸ்பேனரால நட்ட திருப்பணும். ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ், வண்டில ஹெட்லைட் லெவல் சென்சார் இருந்தா ஆர்ம்ல மாட்டியிருக்கற அதோட குட்டிக் கம்பி, இதெல்லாம் இழுபடாம பாத்துக்கோங்க. ஒரே நேரத்துல அஞ்சையும் கழட்டிடாதீங்க, ஒண்ண கழட்டி ஒண்ண மாட்டுனா கேரியர் எடம் மாறாது, துவாரம் தேடி ஜாக்கியோட மல்லுக்கட்ட வேண்டாம்.

லேத்துக்காரர் ஒருத்தர் எனக்கு மாமா முறை, “எதுக்கு மாப்ளே அவ்வளவு காசு, பழைய புஷ்ஷ தள்ளிட்டு நைலான்ல கடைஞ்சு தர்றேன், ஆயுசுக்கும் நிக்கும்”னாரு. டிராக்டருக்கு சரி. இதுல அந்த ரப்பர் ஒவ்வொரு திசைலயும் ஒவ்வொரு அளவுக்கு எளகணும்னு கணக்கு இருக்கு, கெட்டியா ஒண்ண வச்சா அடி பூரா பாடில எறங்கும். அதே மாதிரி ரேஸ் டிராக்குக்குன்னு ரப்பரே இல்லாத இரும்பு ஜாயிண்ட் லிங்க் விக்கறாங்க, ஆசையா இருக்கும், ஆனா உமியும் சேறும் இருக்கற ஊர்ல அது ஒரு போகம் தாங்காதுங்கறது என் அபிப்பிராயம். கம்பெனி போட்ட ரப்பரே போதும். மாத்தறப்ப ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க.

எல்லாம் மாட்டுன பின்னாடி போல்ட்ட கையால சும்மா ஒட்டற அளவுக்கு மட்டும் வைங்க. பால் ஜாயிண்ட் நட்டுக்கு மட்டும் இந்த விதி கெடையாது, அது எந்த ஒயரத்துலயும் முழு டைட் குடுக்கலாம். அப்பறம் கேரியருக்கு அடியில ஜாக்கி குடுத்து, சுவத்துல எழுதி வச்ச அளவு வர வரைக்கும் தூக்குங்க, சக்கரம் இல்லாததால ஹப்போட நடுவுலேர்ந்து அளக்கணும். தூக்கறப்ப வண்டி ஸ்டாண்ட விட்டு எழும்பப் பாத்தா அங்கயே நிறுத்திட்டு, நாலு சக்கரமும் ராம்ப்புல நிக்கற எடத்துக்குக் கொண்டு போய் கடைசி டைட் குடுங்க. அந்த நிலைலதான் ரப்பர் புஷ் போல்ட் எல்லாத்துக்கும் இறுக்கத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச், அளவு உங்க மாடலோட ஒர்க்‌ஷாப் மேனுவல்ல போட்டிருக்கான், ஒவ்வொரு போல்ட்டுக்கும் வேற வேற, “ஒரு குத்துமதிப்பா”ங்கற பேச்சு இங்க எடுபடாது. செல்ஃப் லாக் நட்ட ரெண்டாவது தடவை போடாதீங்க. முடிச்ச ஒவ்வொண்ணுக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு.

அலைன்மெண்ட்

கீறி வச்ச அடையாளம் அலைன்மெண்ட் கடை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போகத்தான், அதையே நம்பி விட்டுடாதீங்க. டேங்க் ஃபுல் பண்ணிட்டு போங்க. இங்க ராம்ப் எல்லாம் இன்னோவா, பொலேரோவுக்குப் போட்டது, 911 மூஞ்சி ஏறாது, நான் ஆறடி பனஞ்சட்டம் ரெண்டு வண்டில கட்டி எடுத்துட்டுப் போவேன், அத சரிவா வச்சு, ஒருத்தன் முன்னாடி தரையோட தரையா படுத்து “வா… வா… நில்லு”ன்னு சொல்லச் சொல்ல ஏத்தணும். கம்ப்யூட்டர்ல உங்க மாடல் இல்லைன்னா “இதான் சார் வருது”ன்னு வேற ஏதாவது காரோட அளவ போட்டுடுவாங்க, அளவ நீங்களே பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. முதல்ல பின் கேம்பர், அப்பறம் பின் டோ, அதுக்கு அப்பறம்தான் முன்னாடி. கேம்பர தொட்டா டோ நகரும்கறதால திரும்ப ஒரு தடவை வந்து பாக்கணும், கடைப் பையன் அலுத்துக்குவான், ஒரு டீ சொல்லுங்க. பின் டோ இடது வலது ஒண்ணா இல்லன்னா நேரா போறப்ப ஸ்டியரிங் கோணையா நிக்கும், அத முன்னாடி டை ராடுல சரி பண்றேம்பான், விடாதீங்க, குத்தம் பின்னாடி.

முன்னூறு நானூறு கிலோமீட்டர் ஓடுன பின்னாடி வண்டிய மறுபடி ராம்ப்புல ஏத்தி அந்த பெயிண்ட் கோடு எல்லாம் நேராத்தான் நிக்குதான்னு பாருங்க. மில் வண்டில ரெண்டாவது தடவை மாத்துனப்ப ஒரு கோடு மட்டும் மயிரிழை நகந்திருந்துச்சு, இடது டோ லிங்க் உள் போல்ட். எக்சென்ட்ரிக் வாஷருக்கு அடியில காஞ்ச சேறு ஒரு துணுக்கு மாட்டியிருந்திருக்கு, அது ஒடஞ்சு விழுந்த ஒடனே போல்ட் தளந்துடுச்சு. கழட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தொடச்சு, புது நட்டு போட்டு, திரும்பவும் பனஞ்சட்டத்த தூக்கிகிட்டு அலைன்மெண்ட் கடைக்குப் போனோம்.